தலைச்சன் இறங்காத குழி

பீர்மேட்டிலிருந்து வண்டிப்பெரியாறு இறங்குகிற வழியில் ஊசிப்பாறை ஆறு குறுக்கே ஓடும். ஆறு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெயில் காலத்தில் ஆடு கால் நனையாமல் தாண்டிவிடும். மேலே மலையில் மழை பிடித்துக்கொண்டால் மட்டும் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வரும். அதன்மேல் வெள்ளைக்காரன் தேயிலை வண்டிக்காகப் போட்ட பாலம் ஒன்று இருந்தது. ஒரு லாரி ஏறினால் எதிர் லாரி அக்கரையில் நின்று காத்துக்கிடக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் அகலமாக இன்னொரு பாலம் கட்டச் சொல்லி எமர்ஜென்சிக் காலத்தில் உத்தரவு வந்தது.

அது லேசுப்பட்ட உத்தரவு இல்லை என்று மலையாளத்துக்காரரான ஓவர்சியர் சொன்னார். வேலை தொடங்கின அன்றைக்கு ஆட்களை எல்லாம் கூட்டி நிறுத்தி, சிமெண்டுத் தூசியில் குச்சியால் கோடு கிழித்தார்.

“எடோ, நிங்கள் வெட்டுறது பஞ்சாயத்து ரோடு அல்ல கேட்டோ. இது துருக்கி. இது இரான். இவிடே ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான். பின்னே நம்ம டெல்லி, மெட்ராஸ். இங்கோட்டு வந்நால் கொச்சித் துறைமுகம். எல்லாம் ஒரே ரோடு. ஏழு ராஜ்யத்து லாரி ஈ பாலம் வழி போகும்.”

“அஞ்சுதான சார் ஆச்சு?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“மத்தது பின்னே சேரும். நீ குழி வெட்டு.”

சிரிப்பு எழுந்தது. “துருக்கிக்காரன் நம்ம லயத்து வழியாவா போவான்? எறங்கி ஒரு சாயா கேட்டா என்னலே செய்வ?” என்றான் ஒருவன். “தோட்டத்தைத்தான் பூட்டிட்டானே, பறிக்காத கொழுந்தைக் காட்டி விடுவேன்” என்றான் இன்னொருவன். ஓவர்சியர் சொன்னது நிஜமோ, வேலையை விரட்டி வாங்கச் சொன்ன கதையோ, அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்துக்கு ஏழு நாட்டு ரோடு என்றே பேர் ஆகிவிட்டது.

கூலிக்கு வந்தவர்கள் எல்லாருமே பூட்டிக்கிடந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டத்து ஆளுக்குத் தெரியாது. சுடலையும் அவன் தம்பி சின்னமுத்துவும் ஏலப்பாறைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தார்கள். கூடவே சுடலையின் பெண்டாட்டி முத்துப்பேச்சி, மார்பில் கைக்குழந்தை. ஆற்றுக்கு மேலே ஒழிந்து கிடந்த தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில், கூரை பாதி இருந்த ஓர் அறையில் அடுப்பைப் போட்டுக்கொண்டார்கள்.

பாலத்தின் நடுத்தூணுக்கு ஆற்றின் நடுவே குழி தோண்ட வேண்டும். மேலே மண்ணணை போட்டு ஆற்றை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டு, நடுவில் பாறை தட்டும்வரை இறங்க வேண்டும். நாலு பக்கமும் பலகை அடைத்து, ஊறுகிற தண்ணீரை டீசல் பம்பால் இறைத்துக்கொண்டே தோண்டுவார்கள். ஏறி இறங்க ஒரே ஒரு மூங்கில் ஏணி. அணையில் சோலை என்பவன் காவல் இருந்தான். தண்ணீர் நிறம் மாறினால் அவன் கத்துவான். கத்தினால் கடப்பாறையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஏற வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் குழியில் இறங்குகிற ஆளுக்கு மத்தியானச் சோறும், சாயங்காலம் வீட்டுக்கு அரிசியும் உண்டு. மேலே கல் சுமக்கிறவனுக்குக் கூலி மட்டும். அதுவும் காண்டிராக்டர் மனசு வைக்கிற அன்றைக்கு. ஆகவே எல்லாருக்கும் குழிக்கு ஆசை.

குழிக்கு மேஸ்திரி மரியஜோசப். நாகர்கோவில் பக்கம் பாலம் பாலமாக வேலை பார்த்துத் தலை நரைத்த மனுஷன். கழுத்தில் சிலுவை தொங்கும். ஆனாலும் குழிக்கு ஆள் எடுக்கும்போது அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“நீ தலைச்சனாலே?”

தாய் வயிற்றில் முதலில் பிறந்தவனைத் தண்ணீர்க் குழியில் இறக்கக் கூடாது. ஆற்றைக் குறுக்கே மறித்துக் கட்டுகிற எதுவும் தலைச்சனைக் கேட்கும். கேட்டால் வாங்காமல் விடாது. அந்த மலையில் அணை கட்டினவன், பாலம் கட்டினவன், சுரங்கம் போட்டவன், எல்லாக் கூலிக்காரனும் அப்படித்தான் நம்பினான். ஓவர்சியர் ஒருமுறை கேலி செய்தார்: “மேஸ்திரி கிறிஸ்தியானி அல்லே? பின்னே எந்தினு இது?”

மரியஜோசப் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். “நான் வேதக்காரன்தான் சார். குழிக்கு அது தெரியாதுல்லா.”

சின்னமுத்துவின் ஆகிருதியைப் பார்த்ததுமே மேஸ்திரி அவனைக் குழிக்கு எடுத்துக்கொண்டார். அவன் இரண்டாம் பிள்ளை, தடை இல்லை. அப்போதுதான் சுடலைக்குப் பயம் பிடித்தது. காரணம், சின்னமுத்துவுக்குக் காது கேட்காது.

பிறவியில் நல்ல காதுதான். மீசை முளைக்கும் முன்னே தோட்டத்து ஃபாக்டரியில் இலை உருட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ராத்திரி பகல் அந்த இரைச்சலிலேயே நின்று நின்று இடது காது முழுதும் போயிற்று. வலது காதில் பஞ்சு அடைத்தது போலக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் புரிந்துகொள்வான். பதில் சொல்லாமல் சிரித்து ஒப்பேற்றிவிடுவான். பம்பு ஓடுகிற இடத்தில் எல்லாருமே கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வார்கள் என்பதால் குழியில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அணையிலிருந்து சோலை கத்தினால்?

சொன்னால் தம்பிக்கு வேலை போகும், அரிசி போகும். சொல்லாமல் இருக்க வேண்டுமானால் ஒரே வழி, தானும் கூட இறங்க வேண்டும். சுடலை தலைச்சன்.

“எனக்கு மேல ஒருத்தன் இருக்கான் அண்ணாச்சி” என்றான் சுடலை.

“எங்க?”

“சிலோன்ல. டிக்கோயா பக்கம் நடுத்தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருக்கான். எங்க பெரியம்மை சின்னதுலயே கூட்டிட்டுப் போயிட்டா.”

“பேரு?”

“சந்தனம்.”

எங்கிருந்து அந்தப் பேர் நாக்கில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. மேஸ்திரி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, எறங்கு” என்றார்.

சங்கதியைக் கேட்டு முத்துப்பேச்சிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. “எனக்கு இல்லாத மூத்தாரை எங்கேருந்து கூட்டியாந்திய? நாளைக்கு வந்து நின்னார்னா நான் முக்காடு போடணுமே” என்றாள். சின்னமுத்து இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து அவனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சோறு குறைந்த ராத்திரிகளில், “சந்தனம் கடுதாசி போட்டானா?” என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்பான். “கணக்கப்பிள்ளைல்லா, நம்மளை நெனைப்பானா” என்பான் சுடலை. குழி ஆட்களும் விடவில்லை. “ரோடு முடியட்டும்லே, சந்தனம் அண்ணாச்சி சிலோன்லேருந்து லாரியிலயே வந்து எறங்குவாரு, கோட்டு போட்டு” என்பார்கள்.

குழிக்குள் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து நின்றார்கள். சின்னமுத்துவுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. நாலு குத்துக் குத்திவிட்டு நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்ப்பான். சுடலை தலையை அசைத்தால் குனிந்துகொள்வான். சோலை ஒருதரம் கத்தியபோது, சுடலை தம்பியின் முழங்கையைப் பிடித்து ஏணிக்குத் தள்ளினான். எல்லாரோடும் சேர்ந்து ஏறினான் சின்னமுத்து. மேலே போய்த்தான் எதற்கு ஏறினோம் என்று கேட்டான்.

இப்படியே தொடர்ந்திருக்கலாம். ஆனால் குழி அடம் பிடித்தது. தோண்டத் தோண்டச் சேறு ஊறியது. ஒருநாள் பலகை சரிந்து ஒருவன் கால்விரல்கள் நசுங்கின. ஒருநாள் பம்பு எரிந்தது. ஒருநாள் அணையின் ஓரம் அரித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர் உள்ளே புகுந்தது. குழி எதையோ கேட்கிறது என்ற பேச்சு மெல்ல எழுந்தது. ஓவர்சியர் வேறு, டெல்லியிலிருந்து பெரிய ஆட்கள் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் தூண் தண்ணீருக்கு மேலே தலை காட்ட வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் மொக்கையன் வந்தான்.

அவன் இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து அனுப்பப்பட்டவன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, சொந்தக்காரரைத் தேடி மலை ஏறி, யாரையும் காணாமல் ரோட்டு வேலைக்கு வந்து நின்றான். கல்யாணமான மகளுக்கு அந்தப் பக்கத்துப் பிரஜாவுரிமை. இவனுக்கு இந்தப் பக்கம். வந்த அன்றே ஓவர்சியரிடம் போய் கும்பிட்டுவிட்டுக் கேட்டான்: “ஐயா, இந்த ரோடு சிலோனுக்கும் போகுமுங்களா?”

“போகும், போகும். கடல் மட்டும் இடையில் உண்டு” என்று ஓவர்சியர் சிரித்தார். மொக்கையன் சிரிக்கவில்லை.

மத்தியானச் சோற்று நேரம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கல் உடைக்கிற பெண்கள் கொஞ்சம் தள்ளி மரநிழலில். முத்துப்பேச்சியின் குழந்தை கிளையில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ வாய் சும்மா இராமல் சொன்னான்: “வேய் சிலோன்காரரே, நம்ம சுடலையோட மூத்தவரு உங்க ஊர்லதான் இருக்காரு. டிக்கோயா, நடுத்தோட்டம்.”

மொக்கையன் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டான். முகம் மலர்ந்துவிட்டது பாவம்.

“நடுத்தோட்டமா? நான் பொறந்து வளந்ததே அங்கதானுங்களே! எந்த லயம்? மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?”

சுடலை சோற்றைப் பிசைந்தபடியே, “கணக்கப்பிள்ளை” என்றான்.

“கணக்கப்பிள்ளை யாரு? ஒருத்தர் யாழ்ப்பாணத்துக்காரரு. இன்னொருத்தர் நம்ம பக்கம், வேலாயுதம்னு பேரு. அவருக்கு முந்தி அவரு அப்பா. சந்தனமா? சந்தனம்னு...” மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு லயமாக மனதில் நடந்து பார்த்தான். அவனுக்கு அது சந்தோஷமாக இருந்தது. “நாய்க்குட்டி பேரு மொதக்கொண்டு எனக்குத் தெரியுமுங்க. அப்படி யாரும் இல்லீங்களே. வேற தோட்டமா இருக்கும், நல்லா யோசிங்க.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேஸ்திரி தட்டைக் கீழே வைத்தார். எழுந்து போய் மரத்தடியில் தூளியைக் காட்டினார்.

“சுடலை, இங்க வா. பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லு. உனக்கு மேல ஒருத்தன் இருக்கானா?”

முத்துப்பேச்சி சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தாள். குழந்தை உதட்டைச் சப்பிக்கொண்டு தூங்கியது. சுடலை தூளிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டான்.

“அதான் பலகை சரிஞ்சுது” என்றான் விரல் நசுங்கினவன். “என் காலு போனது இவனாலலே!”

ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஒருவன் அடிக்கவும் வந்தான். மேஸ்திரிதான் குறுக்கே கையை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை. “கோழி அறுத்துக் கழிப்பு கழிச்சிருவோம். அது வரைக்கும் சரி, அதுக்குப் பொறவும் சரி, நீ குழிப் பக்கம் வரப்படாது. எட்டிப் பாக்கவும் கூடாது. தலைச்சன் கண்ணு பட்டா அது உன்னையும் இழுக்கும், உள்ள நிக்கிறவனையும் இழுக்கும். வளைவுக்கு அந்தாண்ட பொம்பளையளோட கல் ஒடைச்சுக்கிடு” என்றார். சுடலையின் இடத்தில் மொக்கையனை இறக்கச் சொன்னார். அவன் மூன்றாம் பிள்ளை.

அன்று சாயங்காலம் சுடலை தம்பி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துச் சொன்னான். “நாளையிலேருந்து போகாத. மேஸ்திரிகிட்ட உன் காதைப் பத்திச் சொல்லிருதேன். மேல வேலை தரச் சொல்லுதேன்.”

“சொன்னா?” என்றான் சின்னமுத்து.

“சொன்னா மேல நிப்ப.”

“மேலயும் வைக்க மாட்டான். ஒருத்தன் பொய்யன், ஒருத்தன் செவிடன்னு ரெண்டு பேரையும் சேத்து விரட்டுவான்.” சின்னமுத்து அடுப்பைப் பார்த்தான். அதில் கொதித்துக்கொண்டிருந்தது அவன் கொண்டுவந்த அரிசி. “மதினிக்குப் பால் வத்திப்போச்சு. எனக்குக் கண்ணு நல்லா இருக்குல்லா. நாலு பேரு ஏறுறதைப் பாத்தா நானும் ஏறப்போறேன். சந்தனத்தை நீதான் கொன்னுட்ட. கடுதாசியும் வராது. சோறாச்சும் வரட்டும்.”

முத்துப்பேச்சி அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுடலை மேஸ்திரியிடம் சொல்லிவிடத்தான் நினைத்தான். விடிந்தால் அரிசி, சொன்னால் அரிசி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மனசு ஆடி, கடைசியில் அரிசிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

காலையில் குழிக்குப் போகிற வழியில் மொக்கையனை மறித்தான். மொக்கையன் கையைப் பிசைந்தான். “நான் அப்படி ஆகும்னு நெனைக்கலீங்க. ஊர்ப் பேரைக் கேட்டதும் வாய் ஓடிப்போச்சு.”

“அது போவுது. என் தம்பிக்குக் காது கேக்காது. யாருக்கும் தெரியாது, நீரும் சொல்லக் கூடாது. அவன் பக்கத்துலயே நில்லும். சோலை கத்தினா அவன் கையைப் பிடிச்சு ஏணிக்குத் தள்ளிட்டு அப்புறம் ஏறும். செய்வீரா?”

“என் மக மேல ஆணையா பாத்துக்கிறேன்” என்றான் மொக்கையன்.

அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. வளைவுக்கு அப்பால் பெண்களோடு உட்கார்ந்து கல் உடைத்தான் சுடலை. குழி கண்ணில் படாது. பம்பின் சத்தம் மட்டும் பாறையில் மோதி வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓடுகிறவரை ஒன்றுமில்லை என்று அவன் மனசுக்குச் சொல்லிக்கொண்டான். இங்கே வெயில் அடித்தாலும், மேலே மொட்டைக்குன்றுப் பக்கம் மேகம் கரியாய் இறங்கியிருந்தது. மண்வாசனை வந்ததும் பெண்கள் தலையைத் தூக்கினார்கள்.

“ஏறு! ஏறுங்கலே! ஏறு!”

சோலையின் குரல். சுடலை சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். வளைவைத் தாண்டியதுமே ஆறு தெரிந்தது. தண்ணீர் டீத்தூள் கொட்டியது போல நிறம் மாறி, நுரை தள்ளிக்கொண்டு அணையில் முட்டியது. அணையின் நடுவில் ஒரு ஓட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாசல் அளவு ஆயிற்று. ஏணியில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வந்தான். இன்னொருவன் வந்தான். விரல் நசுங்கினவனின் மச்சான் வந்தான். கடைசியாக மொக்கையன் சேறும் சகதியுமாகக் கரையில் விழுந்து இருமினான்.

அவனுக்குப் பின்னால் ஏணியில் யாரும் இல்லை.

மொக்கையன் தலையைத் தூக்கினான். எதிரே சுடலையின் முகம். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. இருமல் நின்றுபோனது. திரும்பிக் குழி விளிம்புக்குத் தவழ்ந்தான்.

சுடலை ஏணிக்குப் பாய்ந்தான்.

“பிடிங்கலே அவனை!” மேஸ்திரியின் சத்தம். நாலு பேர் பாய்ந்து இடுப்பிலும் கழுத்திலும் பிடித்துக்கொண்டார்கள். குழி விளிம்புக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

“விடுங்கலே! என் தம்பி உள்ள நிக்கான்! அவனுக்குக் காது கேக்காது! சத்தியமா காது கேக்காதுலே!”

“என்ன?” என்றான் பிடித்திருந்த ஒருவன். ஆனால் கையை விடவில்லை.

“நீ எட்டிப் பாத்தா ரெண்டு பேரையும் இழுத்துக்கும். நில்லு! கயிறு போடுதோம், நில்லு!” மேஸ்திரி கயிற்றைச் சுருட்டி எறிந்தார். மூன்று நாலு பேர் குழியைச் சுற்றி நின்று கத்தினார்கள். ஒருவன் இந்தப் பக்கம் கையை ஆட்டினான், ஒருவன் அந்தப் பக்கம். “ஏணிக்கு வாலே!” என்றான் ஒருவன்; “கயித்தைப் பிடி!” என்றான் மற்றவன்.

முத்துப்பேச்சி ஓடிவந்து, சுடலையைப் பிடித்திருந்தவர்களைக் கல் கூடையால் அடித்தாள். ஒருவன் நெற்றி பிளந்து ரத்தம் வந்தது. அப்படியும் அவன் விடவில்லை. அவனுக்குச் சுடலைமேல் கோபம் இல்லை. ஒரு உயிரையாவது காப்பாற்றுகிறோம் என்றுதான் பிடித்துக்கொண்டிருந்தான்.

சுடலை கடித்தான், உதைத்தான், கடைசியில் கெஞ்சினான். “என் மொகத்தை மட்டும் காட்டுங்கலே. நான் எறங்கலை. அவன் என் மொகத்தைப் பாத்தாத்தான் ஏறுவான். ஒரே ஒரு தடவை காட்டுங்க.”

அணை மொத்தமாகப் பிளந்தது. பம்பு தண்ணீருக்குள் போய் விக்கி நின்றது. அது நின்றதும் ஆற்றின் இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. மேஸ்திரியின் கயிறு லேசாக வெளியே வந்தது. நுனியில் ஒன்றும் இல்லை.

வெள்ளம் வடிந்தபிறகு பலகைகளை விலக்கி எடுத்தார்கள். ஏணிக்குக் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில்தான் இருந்தான்.

மொக்கையன்தான் பிறகு சுடலையிடம் வந்து சொன்னான். விளிம்பில் நின்று அவன் பார்த்திருக்கிறான். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது அவனுக்கு.

“நாங்க ஏறுறப்போ அவரு அந்தப் பக்கம் குனிஞ்சு தோண்டிக்கிட்டிருந்தாருங்க. அப்புறம் தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. அவரு பலகையைப் பிடிச்சுக்கிட்டு மேலதான் பாத்துக்கிட்டு நின்னாரு. கத்தினவங்க ஒவ்வொருத்தரு மூஞ்சியா பாத்தாரு. கயிறு கிட்டத்தான் விழுந்துச்சு. அதைப் பாக்கலை. யாரையோ தேடுறாப்ல...”

“போரும்” என்றான் சுடலை.

தேயிலைச் செடிகள் காடாகிக் கிடந்த சரிவில் சின்னமுத்துவைப் புதைத்தார்கள். மறுநாளே டெல்லிக்காரர்கள் வந்தார்கள். மூன்று கார்கள். தொப்பி வைத்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இறங்கி, இடிந்த அணையையும் சேறு நிறைந்த குழியையும் பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். வேலை ஏன் நிற்கிறது என்று அதிகாரி கேட்டார். “வெள்ளம் சார்” என்றார் ஓவர்சியர். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கார்கள் குமுளிப் பக்கம் போய்விட்டன. மொக்கையன் அன்று மாலை மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது.

லயத்தில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து அறைக்காரி கொடுத்த கிழங்கை முத்துப்பேச்சி பிசைந்து வைத்திருந்தாள், சுடலை தொடவில்லை. குழந்தை வறண்ட மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. அப்படியிருந்த ஒரு காலையில் மேஸ்திரி மரியஜோசப் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். பின்னால் குழி ஆட்கள். நெற்றியில் கட்டுப் போட்டவனும் இருந்தான்.

“சுடலை, வேலைக்கு வா” என்றார்.

முத்துப்பேச்சி சீறினாள். “எந்த வேலைக்கு? வளைவுக்கு அந்தாண்டயா? கண்ணு படாத எடத்துலயா?”

“குழிக்குத்தான் தாயி. அணை கட்டி, தண்ணி எறைச்சாச்சு. எறங்கணும்.” மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “ஒரு வீட்டுலேருந்து எடுத்துக்கிட்டா, அதே வீட்டைத் திரும்பத் தொடாது. நான் எத்தனையோ பாலத்துல பாத்தது. இனிமே இவன் தலைச்சனா இருந்தாலும் ஒண்ணுமில்ல. இவன் உள்ள நின்னாத்தான் மத்தவனும் எறங்குவோம்னு சொல்லுதானுவ.”

“அரிசி ரெட்டிப்பா தரச் சொல்லிருக்காரு” என்று பின்னாலிருந்து ஒருவன் சேர்த்தான்.

“போகாதிய” என்றாள் முத்துப்பேச்சி. குழந்தை அழுதது. அவள் மறுபடி சொல்லவில்லை.

சுடலை எழுந்து துண்டைத் தலையில் கட்டினான். முன்னால் நடந்தான்.

ஏணியில் அவன்தான் முதலில் இறங்கினான். அவன் கால் சேற்றில் பட்டதும்தான் மற்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். குழி அகலமானது, ஆளுக்கொரு மூலை உண்டு. ஆனால் யாரும் மூலைக்குப் போகவில்லை. அவனைச் சுற்றியே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவனுக்குப் பக்கத்து இடத்துக்காக இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நெற்றியில் கட்டுப் போட்டவன் கடப்பாறையைத் தொடுமுன் சுடலையின் தோளை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைப் பார்த்து அடுத்தவனும் தொட்டான். அவனுக்கு அடுத்தவனும்.

சுடலை கையைத் தட்டிவிடவில்லை. எல்லாரும் தொட்டு முடிக்கும்வரை கல் மாதிரி நின்றான். பிறகு குனிந்து தோண்டினான்.